கோயில் காசும் கொள்ளிக்கடனும்

மலையகத்தில் புதிய விசுவாசிகள் – 6

ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். திங்கட்கிழமை காலை அதே பெரட்டுக்களம், அதே கங்காணி, அதே மலை. கொட்டகலையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஒருவர் இயேசுவை ஏற்றுக்கொண்டதும் வீடு மாறிப் போவதில்லை. அவருடைய காம்பிராவுக்கும் அடுத்த காம்பிராவுக்கும் இடையே ஒரே ஒரு சுவர். சுவருக்கு அப்பால் இருப்பவர் பெரும்பாலும் சித்தப்பா, இல்லாவிட்டால் மாமா, மச்சான். தண்ணீர்க் குழாய் பொது, வாசல் பொது, சாவு பொது, திருவிழா பொது. உலகத்தை விட்டுப் பிரிந்து வாழுங்கள் என்று நகரத்து மேடையில் ஒலிக்கும் பிரசங்கத்தை இந்த லயத்துக்குள் கொண்டுவந்தால், யாரைவிட்டு எங்கே பிரிவது?

முதல் சோதனை பெரும்பாலும் சம்பள நாளில் வருகிறது. மாரியம்மன் திருவிழாவுக்கென்று தலைக்கு இவ்வளவு என்று கோயில் கமிட்டி தீர்மானிக்கும். பல தோட்டங்களில் அது செக்ரோலிலேயே பிடிபடும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. புதிய விசுவாசி என்ன செய்யவேண்டும்? சில ஊழியர்கள் உடனே, “உங்கள் பெயரை வெட்டச் சொல்லுங்கள்” என்கிறார்கள். இன்னும் சிலர் தாங்களே ஒரு கடிதம் எழுதித் தோட்டத்து ஆபீசுக்கு அனுப்பிவிடுகிறார்கள். இரண்டாவது வழி மிகவும் கெட்டது. முந்தாநாள்வரை கரகத்துக்கு முன்னால் நடந்தவர், தன் வாயால் ஒரு வார்த்தை சொல்லாமல், வெளியாள் ஒருவரின் கடிதத்தை முன்னே விட்டால், அதைக் கமிட்டியார் அவமதிப்பாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

நான் சொல்வது இது. அவரே தலைவர் வீட்டுக்குப் போகட்டும். “அண்ணே, நான் இப்போது வேதத்துக்குப் போகிறேன். பூசைச் செலவுக்குக் கொடுக்க என் மனச்சாட்சி இடம்கொடுக்கவில்லை. அதே காசை மரண உதவிச் சங்கத்துக்கோ பிள்ளை மடுவத்துக்கோ கொடுக்கிறேன்” என்று நேரில் சொல்லட்டும். ஒரு சதமும் குறையாமல் கொடுக்கட்டும். அவர் காசை மிச்சம் பிடிக்க மதம் மாறவில்லை என்பது அப்போதுதான் லயத்துக்குத் தெரியும். ஊழியரின் வேலை, அந்தப் பேச்சுக்கு முன் அவரோடு உட்கார்ந்து ஜெபிப்பதும், பேச்சு முடிந்தபின் அவர் சொல்வதைக் கேட்பதும். இடையில் நுழைந்து பேசுவது அவருடைய வேலை இல்லை.

இதை அழுத்திச் சொல்வதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. தோட்டத் தொழிலாளருக்கென்று தமிழ்க் கூலி மிஷன் 1854இல் தொடங்கியது. அது கோப்பிக் காலம். கண்டிப் பகுதித் துரைமார் ஆதரவு கொடுத்தார்கள், சி.எம்.எஸ். சங்கம் மேற்பார்த்தது, திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் வந்தார்கள். தொழிலாளியின் பேச்சையே பேசி, தோட்டம் தோட்டமாக நடந்த அந்த மனிதர்களின் உழைப்பை நான் சிறிதும் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அவர்கள் தோட்டத்துக்குள் கால்வைத்தது துரையின் அனுமதியோடு. துரையின் ஆதரவோடு வந்த வேதத்தைத் துரையின் வேதமாகவே தொழிலாளி பார்த்திருந்தால் அதில் வியப்பில்லை. அந்த நிழல் இன்றும் முழுதாக விலகவில்லை என்பது என் எண்ணம். ஆபீசின் வழியாக ஒரு விசுவாசியின் காரியத்தைத் தீர்க்கப் போகும்போதெல்லாம் நாம் அதே நிழலைத்தான் திரும்ப விரிக்கிறோம்.

லயத்தின் துன்பம் யாரையும் மதம் பார்த்துப் பிடித்ததில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், சிலுவை மாட்டிய காம்பிராவையும் சாமிப்படம் மாட்டிய காம்பிராவையும் ஒன்றாகவே நாடற்றதாக்கியது. சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 1964இல் வந்தபோது இரண்டு காம்பிராக்களிலிருந்தும் ஆட்கள் கப்பலேறினார்கள். ஆகவே, தொழிற்சங்கம் உலகக் காரியம், விசுவாசி அதில் சேரக்கூடாது என்ற போதனையை என்னால் ஏற்க முடியவில்லை. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வருவதற்குப் பல ஆண்டுகள் போராடவேண்டியிருந்தது. பக்கத்துக் காம்பிராக்காரர் வெயிலில் நின்று வாங்கித் தந்த கூலியை, ஒதுங்கி நின்றவர் எந்த முகத்தோடு வாங்குவார்? சேசுசபைக் குருவான பால் கஸ்பர்ஸ் அடிகளார் 1972இல் கண்டியில் சத்தியோதயம் நிலையத்தைத் தொடங்கி, எந்தக் கோயிலுக்குப் போகிறவர் என்று பாராமல் தோட்டத் தொழிலாளரின் உரிமைக்காகப் பேசினார். புதிய விசுவாசிகளுக்கு அவருடைய வாழ்க்கையைச் சொல்லிக்கொடுங்கள்.

படையல் சோற்றைப் பற்றிய கேள்வி எல்லாச் சபைகளிலும் எழுகிறது. கொரிந்து பட்டணத்தில் பவுலுக்கு வந்ததும் இதே கேள்விதான். அவர் முதல் நிருபத்தில் எட்டாம் அதிகாரம் தொடங்கிப் பத்தாம் அதிகாரம் முடிய இதைப் பொறுமையாக விவாதிக்கிறார். சந்தையில் விற்கும் இறைச்சியைப் பற்றித் துருவித் துருவிக் கேட்க வேண்டாம் என்கிறார். இது படைக்கப்பட்டது என்று ஒருவர் சொல்லிக் கொடுத்தால், அவருடைய மனச்சாட்சியை எண்ணி விலகச் சொல்கிறார். வழிபாட்டில் பங்கு வேறு, பந்தியில் பங்கு வேறு என்று பிரித்துப் பார்க்கப் பழக்குவதே உதவி. காமன் கூத்தில் மதனாக ஆடிய பையன் இனி ஆடுவதா என்ற கேள்வி இதைவிடக் கடினம். காமன் ஊன்றி நேர்த்தியோடு நடக்கும் சடங்கு அது. அதே நேரம் அவனுடைய தோட்டத்தின் கலையும் அதுதான். ஆடாமல் விலகுவதே சரி என்பது என் பக்கம். ஆனால் ஆடுகிறவர்களை இழிவாகப் பேச அவனுக்கு இடமில்லை. அந்தப் பாட்டுகளைக் கற்றுக்கொடுத்த வாத்தியாரைக் கண்டால் முன்போலவே எழுந்து நிற்கவேண்டும்.

எல்லாவற்றிலும் கனமானது சாவு. குழி வெட்டவும், பாடை கட்டவும், சாவு வீட்டில் இரவெல்லாம் விழித்திருக்கவும் விசுவாசி முதல் ஆளாக நிற்கலாம், நிற்கவேண்டும். ஆனால் இறந்தவர் அவருடைய அப்பாவாக, அவர் மூத்த மகனாக இருந்தால்? கொள்ளிக்குடம் யார் தூக்குவது, கருமாதிக்கு யார் உட்காருவது என்று உறவெல்லாம் அவர் முகத்தைப் பார்க்கும். பிணம் நடுவீட்டில் கிடக்கும்போது, “நான் செய்யமாட்டேன்” என்று ஒரு மகன் சொன்னால், அந்த வார்த்தை ஒரு தலைமுறைக்கு ஆறாது. தாய் அதைத் தாங்கமாட்டாள்.

அந்தப் பேச்சு அப்பா உயிரோடு, சுகத்தோடு இருக்கும்போதே நடந்திருக்கவேண்டும். “அப்பா, உங்கள் கடைசிக் காலம்வரை நான் பார்ப்பேன். மருந்துச் செலவு என்னுடையது, சாவுச் செலவும் என்னுடையது. சடங்கை மட்டும் தம்பி செய்யட்டும்” என்று சொல்லவும், சொன்னபடி செய்யவும் வேண்டும். அப்பா கோபப்படுவார், சில மாதம் பேசாமலும் இருப்பார். அந்த மாதங்களில் விசுவாசி முன்னைவிட அதிகமாக வீட்டுக்குப் போகட்டும். கடவுளுக்குக் காணிக்கை என்று சொல்லிப் பெற்றோரைப் பராமரிக்காமல் விட்டவர்களை இயேசு கடுமையாகக் கண்டித்ததை மாற்கு ஏழாம் அதிகாரத்தில் படிக்கிறோம். தசமபாகத்தைத் தவறாமல் கொடுத்துவிட்டு அம்மாவின் மருந்துச் சீட்டைத் தள்ளிப்போடும் விசுவாசிக்கு அந்த அதிகாரத்தைப் படித்துக் காட்டவேண்டியது நம் கடமை.

உதவி என்ற பெயரில் நாம் செய்யக்கூடாததையும் சொல்லவேண்டும். அரிசி, வேலை, பிள்ளைக்குப் பள்ளி இடம் என்று எதையும் ஞானஸ்நானத்தோடு முடிச்சுப் போடாதீர்கள். அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை, விரும்பிய மதத்தைக் கொண்டிருக்கவும் மேற்கொள்ளவும் எல்லோருக்கும் சுதந்திரம் தருகிறது. 2004இல் பலவந்த மதமாற்றத்துக்கு எதிரான சட்டமூலம் வந்தது, அது சட்டமாகவில்லை. ஆனால் அதற்குப் பின்னால் இருந்த சந்தேகம் இன்னும் இருக்கிறது. அரிசி வாங்கி மாறினான் என்ற ஒரு சொல், உண்மையாகவே மனம்மாறிய ஒருவரின் சாட்சியைக் கொன்றுவிடும்.

இனி, தோட்டத்தைவிட்டுப் போகும் பிள்ளைகள். புறக்கோட்டைக் கடைகளுக்கும் கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போகும் இளையவர்களுக்குக் கோயில் காசும் இல்லை, காமன் கூத்தும் இல்லை. லயத்தில் எதிர்ப்பாவது இருந்தது. எதிர்க்கிறவருக்குப் பதில் சொல்வதற்காகவாவது விசுவாசத்தை யோசிக்கவேண்டியிருந்தது. அங்கே யாரும் எதுவும் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்திருக்கும், கூடுதல் வேலைக்குக் கூடுதல் காசு. யாரும் தடுக்காமலே மூன்று மாதத்தில் ஜெபம் நின்றுபோகிறது. இங்கேதான் நம் சபைகள் பிள்ளைகளை அதிகம் இழக்கின்றன என்று நினைக்கிறேன்.

பிள்ளை ரயிலேறிச் சிங்கமலைச் சுரங்கத்தைத் தாண்டும் முன்பே, போகும் இடத்துக்குக் கிட்டவுள்ள தமிழ்ச் சபையின் போதகரிடம் அவர் பெயரும் தங்குமிடமும் போய்ச் சேர்ந்திருக்கட்டும். வாரத்தில் ஒரு நாள், கடை சாத்திய பிறகு, சபையில் ஒருவர் அவரை அழைத்துப் பேசட்டும். சாப்பிட்டாயா, சம்பளம் சரியாகக் கொடுத்தார்களா, யாராவது தொந்தரவு செய்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். ஆலயத்துக்குப் போனாயா என்பது அதற்குப் பிறகு வரட்டும். தீபாவளிக்கு வீடு வரும்போது அவர் லயத்தில் எப்படி நடந்துகொள்வது, பெண் பார்க்கும் பேச்சு வந்தால் என்ன சொல்வது என்பதெல்லாம் பெரிய விஷயம். அடுத்த வாரம் கலியாணத்தைப் பற்றி எழுதுகிறேன்.