மனித உடல் மூட்டுகளின் வகைப்பாடும் தமிழ்க் கலைச்சொற்களும்

முன்னுரை

இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட எலும்புகள் கூடுமிடம் மூட்டு எனப்படும். திண்டிவனம், விழுப்புரம் பகுதி மக்கள் ‘மூட்டு வலி’ என்று கூறும்போது பெரும்பாலும் முழங்கால் வலியையே குறிக்கின்றனர். உடற்கூற்றியலில் இச்சொல்லின் பொருள் மிக விரிந்தது. யாழ்ப்பாணம் மானிப்பாயில் பணியாற்றிய மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822-1884) உடற்கூற்று நூல்களைத் தமிழாக்கிய காலந்தொட்டு இத்துறைக்குத் தமிழ்ச்சொல் காணும் முயற்சி தொடர்கிறது. எனினும், மூட்டுகளின் பெயர்களைவிட வகைப்பாட்டின் அடிப்படையே இன்று தெளிவு வேண்டி நிற்கிறது.

வகைப்பாட்டின் இரு அடிப்படைகள்

எலும்புகளை இணைக்கும் பொருளைக் கொண்டு நாரிணைப்பு மூட்டு, குருத்தெலும்பு மூட்டு, உயவு மூட்டு என மூவகை கூறுவர். அசைவின் அளவைக் கொண்டு அசையா மூட்டு, சிறிதளவு அசையும் மூட்டு, நன்கு அசையும் மூட்டு எனவும் மூவகை கூறுவர். எண்ணிக்கை ஒத்திருப்பதால் ‘நாரிணைப்பு மூட்டு அல்லது அசையா மூட்டு’ என இவ்விரு வரிசைகளையும் ஒன்றாக்கி எழுதும் வழக்கம் ஏற்பட்டுள்ளது. இது முழுமையாகப் பொருந்துவதன்று.

பொருந்தாமைக்குச் சான்றுகள்

வளர்ந்தோரின் மண்டையோட்டுத் தையல்கள் நாரிணைப்பு மூட்டுகள்; அவை அசைவதில்லை. கணுக்காலுக்குச் சற்று மேலே காலின் இரு எலும்புகளைப் பிணைப்பதும் நாரிணைப்பே. ஆனால், அது சிறிதளவு அசைகிறது. முதுகெலும்புகளுக்கு இடைப்பட்ட வட்டுகளும் இடுப்பின் முன்புற இணைப்பும் குருத்தெலும்பு மூட்டுகள். இவை சிறிதளவு அசைவன. சிறுவர்தம் நீள எலும்புகளின் முனையருகே உள்ள வளர்ச்சித் தட்டும் குருத்தெலும்பு மூட்டாகவே வகைப்படுத்தப்படுகிறது, அதுவோ அசையாதது. வளர்ச்சி முடிந்ததும் அது எலும்பாக மாறிவிடும்.

இவ்வேறுபாடு நடைமுறைப் பயனுடையது. குருத்தெலும்பு எக்ஸ்ரே படத்தில் தெளிவாகப் புலப்படாததால், வளர்ச்சித் தட்டு ஓர் இடைவெளிக் கோடாகத் தோன்றும். அறியாதார் அதனை முறிவு எனக் கருதக்கூடும். மாறாக, அவ்விடத்து உண்மையான காயத்தைச் சுளுக்கு என விட்டுவிட்டால், எலும்பின் வளர்ச்சி குன்றவோ கோணவோ கூடும்.

உயவு மூட்டுகள்

மூட்டுறையும் உயவு நீரும் கொண்ட இவை வடிவத்தால் ஆறு வகைப்படும். தோளிலும் இடுப்பிலும் பந்துகிண்ண மூட்டும், முழங்கையில் கீல் மூட்டும், கழுத்தின் முதலிரு எலும்புகளுக்கிடையே முளை மூட்டும், கட்டைவிரலின் அடியில் சேண மூட்டும், மணிக்கட்டில் நீள்வட்ட மூட்டும், மணிக்கட்டுச் சிற்றெலும்புகளுக்கிடையே வழுக்கு மூட்டும் அமைந்துள்ளன. கீல், முளை, சேணம், கிண்ணம் என்பன புழங்குபொருட் பெயர்கள். ஆதலின், பெயரைக் கேட்ட அளவிலேயே அசைவின் தன்மை விளங்குகிறது. முழங்காலோ மடங்கி நீள்வதோடு, மடங்கிய நிலையில் சற்றுத் திரும்பவும் வல்லது. ஆகவே, அதனைத் தனிக் கீல் மூட்டு என்பதினும் திருந்திய கீல் மூட்டு என்பதே பொருத்தம்.

முடிவுரை

இணைக்கும் பொருள் வேறு, அசைவின் அளவு வேறு என்பது மேற்கண்ட சான்றுகளால் புலனாகிறது. ‘நாரிணைப்பு’, ‘அசையா’ ஆகியவற்றை ஒருபொருட் சொற்களாக எழுதாமல், ஒவ்வொரு மூட்டுக்கும் இரு அடிப்படைகளையும் தனித்தனியே குறிப்பதே தமிழ்வழிக் கற்போருக்குத் தெளிவு தரும்.