பகடை உருளட்டும், தமிழில்!

கரோனா முடக்கம் நம் தலைநகர்ப் பிள்ளைகளிடமிருந்து பறித்துக்கொண்டவை எத்தனையோ. அது கொடுத்துவிட்டுப் போன ஒன்றைப் பற்றி இங்கே சொல்ல விரும்புகிறேன். மூடிய அறைக்குள்ளிருந்து "நான் பூட்டை உடைக்கிறேன்", "எனக்குப் பதினேழு விழுந்தது" என்று பிள்ளைகள் ஆங்கிலத்தில் கூவுவதை வாசக அன்பர்கள் சிலர் கேட்டிருக்கலாம். பயப்பட வேண்டாம். அது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் விளையாட்டு.

1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கி வெளிவந்தது. மேசையைச் சுற்றி நாலைந்து பேர். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, அந்தப் பாத்திரமாகவே பேசுவார்கள். நினைத்த காரியம் பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். நம் தாயக்கட்டைக்கு நான்கு பக்கம். இங்கே இருபது முகம் கொண்ட பகடைதான் ராஜா. கதை நடத்துபவரைத் தெருக்கூத்துக் கட்டியங்காரன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். பரமபதத்தில் பாம்பு கடித்தால் இறங்க வேண்டியதுதான். இதில் பாம்பிடம் பேசிப் பார்க்கலாம்!

2020 மார்ச் 25 அன்று நாடே முடங்கியது. ஒரே மேசையில் உட்காரவே வழியில்லாதபோது மேசை விளையாட்டு ஒழிந்திருக்க வேண்டும். ஆனால் கேரம்முக்குப் பலகை வேண்டும். இதற்கு வேண்டியது பேச்சு. வரைபடத்தையும் பகடையையும் திரையிலேயே தரும் ரோல்20 என்ற ஏற்பாடு 2012 முதலே இருந்தது. விளையாட்டு அப்படியே அங்கே குடிபெயர்ந்தது. என் பெயரன் மயூர் விஹாரில், ஒரு நண்பன் குருகிராமில், மற்றொருவன் அப்பாவுக்கு மாற்றலாகிச் சென்னையில். 2021 ஏப்ரல், மே மாதங்களில் ஆக்ஸிஜன் சிலிண்டருக்காகத் தில்லி அலைந்த நாட்களை நம்மில் யார் மறக்க முடியும்? ஆம்புலன்ஸ் சத்தம் கேட்காத இரவில்லை. அந்த இரவுகளில் 11 வயதுப் பிள்ளை இரண்டு மணி நேரம் சிரித்துப் பேசினான். அந்த ஒன்றுக்காகவே இவ்விளையாட்டுக்கு நான் கடமைப்பட்டவன்.

இனி இதன் எதிர்காலம் என்ன? பள்ளிகள் திறந்ததும் எல்லாரும் மேசைக்குத் திரும்பிவிடுவார்கள் என்றனர் சிலர். மேசைக்கு இனி வேலையே இல்லை என்றனர் வேறு சிலர். நான் பார்த்தவரை இரண்டும் நடக்கவில்லை. மாற்றலாகிப் போனவர்களுக்குத் திரை, ஊரில் இருப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை. ஜனக்புரியிலிருந்து மயூர் விஹாருக்கு நீலப் பாதை மெட்ரோ நேரே வருகிறது. பையன்களும் பெண்களும் வருகிறார்கள். எத்தனை வடை தீர்ந்தது என்று மட்டும் என் மனைவியைக் கேட்காதீர்கள்.

இதற்கு வேண்டியது பேச்சு என்றேன். அது எந்த மொழிப் பேச்சு? இங்கேதான் நமக்கு வேலை இருக்கிறது. பாட்டி தமிழில் கேட்டால் ஹிந்தியில் பதில் சொல்லும் பிள்ளைகள் நம்முடையவர்கள். டி.டி.இ.ஏ. பள்ளிகள் ஏழும் தங்கள் பங்கைச் செய்கின்றன. ஆனால் பத்துக் குறளை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் குழந்தைக்குத் தமிழில் பேரம் பேசவோ சண்டை போடவோ சந்தர்ப்பம் ஏது?

ஒரு ஞாயிறு, தமிழில்தான் பேச வேண்டும் என்ற நிபந்தனையோடு நானே கட்டியங்காரனாக உட்கார்ந்தேன். இடம் செஞ்சி போன்றதொரு மலைக்கோட்டை. வாசலில் சாவியோடு ஒரு கிழவி. "ஏய், நீ கதவைத் திற!" என்றான் பெயரன். "யாரடா அவன், மரியாதை தெரியாதவன்?" என்றாள் கிழவி, அதாவது நான். ஆங்கிலத்தில் அரசனுக்கும் அரக்கனுக்கும் ஒரே 'யூ' போதும். தமிழில் வாயைத் திறக்கும் முன்பே நீயா, நீங்களா என்று முடிவு செய்தாக வேண்டும். ஹிந்தியின் தும்மும் ஆப்பும் பழகிய பிள்ளைகளாதலால் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். ஜனக்புரிப் பெண் முன்வந்து, "பாட்டி, இருட்டிப் போச்சு, கொஞ்சம் திறந்து விடுங்களேன்" என்றாள். பகடையில் பதினெட்டு. கதவு திறந்தது. அந்த 'விடுங்களேன்' எந்தப் பாடப் புத்தகத்திலிருந்தும் வந்ததல்ல.

சொற்களுக்குத்தான் திண்டாட்டம். 'ஹிட் பாயிண்ட்' உயிர்ப்புள்ளி ஆனது. 'சேவிங் த்ரோ'வுக்குத் தப்புப் பகடை என்றேன், "தப்பான பகடையா தாத்தா?" என்று சிரித்தார்கள். இப்போது அது தப்பிக்கும் பகடை.

மொழிபெயர்க்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்பது பலருக்குத் தெரியாது. உரிம விதிகளை மாற்றப் பார்த்த நிறுவனத்தை ஆட்டக்காரர்கள் எதிர்த்ததால், 2023 ஜனவரியில் அடிப்படை விதிகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் பொதுவாக்கப்பட்டன. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும். தமிழில் அச்சிடலாம், விற்கவும் செய்யலாம். கொல்கத்தாவில் பிறந்த மிமி மண்டல் எழுதிய வங்க மணம் வீசும் சாகசக் கதை, 2022-இல் இவ்விளையாட்டின் அதிகாரபூர்வ நூல் ஒன்றிலேயே இடம்பெற்றது. காவிரிப்பூம்பட்டினத்தை எழுத நம்மில் யார் வருகிறீர்கள்?

செலவு பெரிதல்ல. ஏழு பகடை கொண்ட ஒரு செட், நோட்டுப் புத்தகம், பென்சில். சங்கத்தில் மாதம் ஒரு ஞாயிறு பிற்பகல் ஒரு மேசை ஒதுக்கித் தந்தால் ஆரம்பித்துவிடலாம். கட்டியங்காரன் வேலைக்கு ஓய்வுபெற்ற அன்பர்களுக்கு முன்னுரிமை. கதை சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். பிள்ளைகள் குறுக்கே பேசினால் கோபம் வரக்கூடாது.