அணியின் செலவு, லாபம், வெற்றி: ரசிகர் போடும் கணக்கு

ஒரு விளையாட்டு அணி வீரர்களுக்காக எவ்வளவு செலவழிக்கிறது, அதன் உரிமையாளர் எவ்வளவு சம்பாதிக்கிறார், இவற்றுக்கு ஈடாகக் களத்தில் வெற்றி கிடைக்கிறதா என்று ரசிகர்கள் ஒப்பிட்டுப் பேசுவது இன்று வழக்கமாகிவிட்டது. தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு பரவலானது 2008இல் ஐ.பி.எல். கிரிக்கெட் தொடங்கிய பிறகுதான். ரஞ்சிக் கோப்பையில் தமிழ்நாடு தோற்றால் தேர்வாளர்களைத் திட்டலாம், மட்டையாளர்களைத் திட்டலாம். "முதலாளி காசு போடவில்லை" என்று சொல்ல அங்கே முதலாளியே இல்லை. ஐ.பி.எல்., புரோ கபடி, தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) ஆகியவற்றில் முதலாளி உண்டு, ஏலம் உண்டு, விலை எல்லோருக்கும் தெரியும்.

சேலம், நாமக்கல் பகுதி ரசிகர்களுக்கு இந்தக் கணக்கு தொலைவில் நடப்பதல்ல. சென்னை சூப்பர் கிங்ஸ் அணியை 2008இல் வாங்கிய இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனத்தின் இரண்டாவது ஆலை சேலம் மாவட்டம் சங்ககிரியில் உள்ளது. டெல்லி கேப்பிட்டல்ஸ் அணியில் பாதிப் பங்கு வைத்திருக்கும் ஜே.எஸ்.டபிள்யூ. குழுமத்துக்கு மேச்சேரி அருகே பொட்டனேரியில் உருக்காலை இருக்கிறது. வேகப்பந்து வீச்சாளர் தங்கராசு நடராஜனின் சொந்த ஊர் சின்னப்பம்பட்டி. டி.என்.பி.எல்.லில் சேலம் பெயரிலேயே ஓர் அணி ஆடுகிறது.

செலவுக்குப் போட்ட வேலி

இங்கிலாந்துக் கால்பந்தில் பணமுள்ள கழகம் பெரும் தொகை கொட்டி வீரர்களைச் சேர்க்க முடியும். அதற்கும் விதிகள் உண்டு, ஆனால் எல்லா அணிக்கும் ஒரே உச்சவரம்பு கிடையாது. அதனால் பல ஆண்டுக் கணக்கை எடுத்துப் பார்த்தால், அதிகச் சம்பளம் கொடுக்கும் கழகங்களே பட்டியலின் மேல்பகுதியில் நிற்கின்றன. 2015–16இல் லெஸ்டர் சிட்டி கோப்பை வென்றதை இன்றும் அதிசயமாகப் பேசுவது அதனால்தான்.

ஐ.பி.எல். அமைப்பு வேறு. ஓர் அணி வீரர்களுக்குச் செலவிடும் தொகைக்கு உச்சவரம்பு உண்டு. 2008இல் அது 50 லட்சம் டாலர். 2023இல் 95 கோடி ரூபாய், 2024இல் 100 கோடி, 2025இல் 120 கோடி. உரிமையாளர் எவ்வளவு பெரிய பணக்காரராக இருந்தாலும் இதைத் தாண்ட முடியாது. ஆகவே "எங்கள் முதலாளி கஞ்சன்" என்ற குற்றச்சாட்டு ஐ.பி.எல்.லில் பெரும்பாலும் பொருந்தாது. எல்லா அணிகளும் ஏறக்குறைய ஒரே தொகையைத்தான் செலவழிக்கின்றன. கேட்க வேண்டியது அந்தப் பணத்தை யாருக்காகச் செலவழித்தார்கள் என்பதைத்தான்.

முதல் பருவத்திலேயே இது வெளிப்பட்டது. 2008 ஜனவரியில் நடந்த அணி உரிமை ஏலத்தில் மும்பை 11.19 கோடி டாலருக்கும், சென்னை 9.1 கோடி டாலருக்கும் விலை போயின. ஆகக் குறைந்த விலை ராஜஸ்தானுக்கு, 6.7 கோடி டாலர். அந்த ஆண்டு கோப்பையை வென்றது ராஜஸ்தான்தான்.

லாபம் வெற்றியிலிருந்து வருகிறதா?

இந்த இடத்தில்தான் பெரும்பாலான ரசிகர்களின் கணிப்பு பிசகுகிறது. ஜெயித்தால் காசு வரும், தோற்றால் நட்டம் என்று நினைப்பது இயல்பு. கடைக்கும் பட்டறைக்கும் அது பொருந்தும். ஐ.பி.எல். அணிக்கு அவ்வளவாகப் பொருந்தாது.

2023 முதல் 2027 வரையிலான ஐந்து பருவங்களின் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டது. ஆண்டுக்குச் சராசரி 9,678 கோடி. இதில் ஏறத்தாழ பாதி அணிகளுக்குப் போகிறது என்று கொண்டு பத்தால் வகுத்தால், ஓர் அணிக்கு ஆண்டுக்கு 480 கோடி ரூபாயை ஒட்டி வரும். இந்தப் பங்கின் பெரும்பகுதி எல்லா அணிகளுக்கும் சமமாகவே கிடைக்கிறது. சிறு பகுதிதான் தரவரிசையைப் பொறுத்தது. கோப்பை வென்ற அணிக்குப் பரிசுத்தொகை 20 கோடி. அதாவது ஒரு பந்துகூட வீசும் முன்பே வரப்போகும் தொகையோடு ஒப்பிட்டால், கோப்பைக்கான பரிசு நூற்றுக்கு நான்கு ரூபாய்தான். கடைசி இடம் பிடித்தாலும் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்படும் விதி இல்லை. அடுத்த ஆண்டும் அதே பங்கு வந்து சேரும்.

சென்னை சூப்பர் கிங்ஸ் நிறுவனத்தின் கணக்கு இதற்குத் தெளிவான சான்று. 2022–23 நிதியாண்டில் 50 கோடி ரூபாயை ஒட்டியிருந்த நிகர லாபம் 2023–24இல் 200 கோடியைத் தாண்டியது. 2022 பருவத்தில் அணி ஒன்பதாவது இடம். 2023இல் கோப்பை. மேலோட்டமாகப் பார்த்தால் கோப்பை வந்ததும் லாபம் கூடியதாகத் தோன்றும். ஆனால் பழைய ஒளிபரப்பு ஒப்பந்தம் ஐந்தாண்டுக்கு 16,347.5 கோடி மட்டுமே. புதிய ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது 2023 பருவத்தில். லாபத்தைத் தூக்கி நிறுத்தியது பெரும்பாலும் அந்த மூன்று மடங்கு உயர்வுதான். 20 கோடி பரிசால் 150 கோடி வித்தியாசம் வராது.

இதன் மறுபக்கமும் உண்டு. 2021 அக்டோபரில் லக்னோ அணி 7,090 கோடிக்கும் அகமதாபாத் அணி 5,625 கோடிக்கும் விலை போயின. பத்து ஆண்டுத் தவணை என்றால் லக்னோ ஆண்டுக்கு 709 கோடி கட்ட வேண்டும். மேலே கண்ட ஒளிபரப்புப் பங்கைவிட இது அதிகம். குஜராத் டைட்டன்ஸ் (அகமதாபாத்) தன் முதல் பருவமான 2022லேயே கோப்பையை வென்றது. ஆனாலும் தவணை தவணைதான். அந்த அணியை வாங்கிய முதலீட்டு நிறுவனம் 2025இல் பெரும்பங்கை டோரண்ட் குழுமத்துக்கு விற்றது. இப்படிப்பட்ட முதலீட்டாளர் பார்ப்பது ஆண்டு லாபத்தை மட்டுமல்ல, அணியின் விலை மதிப்பு ஏறுவதையும்தான். நிலத்தை வாங்கிப் போட்டுவிட்டு விலை ஏறும்வரை காத்திருப்பது போன்றது அது.

விலையும் விளைச்சலும்

நடராஜனின் ஏல வரலாறே ஒரு பாடம். 2017இல் பஞ்சாப் அணி அவரை 3 கோடிக்கு எடுத்தது. கிடைத்த வாய்ப்புகளில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 2018இல் ஐதராபாத் அணி 40 லட்சத்துக்கு எடுத்து இரண்டு பருவங்கள் உட்கார வைத்தது. 2020இல் அதே 40 லட்ச ரூபாய் வீரர் 16 விக்கெட் எடுத்தார். ஒரு விக்கெட்டுக்கு இரண்டரை லட்சம். அந்த ஆண்டு டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் இந்தியாவுக்காக ஆடத் தொடங்கி, ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமானார். 2024இல் 19 விக்கெட். 2025 பருவத்துக்கு டெல்லி அவரை 10.75 கோடிக்கு வாங்கியது, ஆனால் மிகச் சில ஆட்டங்களில்தான் இறக்கியது. சேலத்து ரசிகர்களுக்கு இது புரியாத புதிர். இவ்வளவு விலை கொடுத்து வாங்கியவரை ஏன் உட்கார வைக்கிறார்கள்? ஏலத்தில் விலையைத் தீர்மானிப்பது திறமை மட்டுமல்ல. அதே வகை வீரர் இன்னும் எத்தனை பேர் மிச்சம், போட்டியிடும் அணிகளின் கையிருப்பு எவ்வளவு என்பவையும் சேர்ந்துதான் விலை. கொடுத்த பணம் திரும்பாது. எனவே அதை நினைத்து ஆளை இறக்குவதைவிட, அன்றைய ஆடுகளத்துக்கு யார் பொருத்தமோ அவரை இறக்குவதே பயிற்சியாளரின் வேலை. ரசிகருக்கு இது கசக்கும்தான்.

சாய் சுதர்சனின் கதை இதற்கு நேரெதிர். 2023இல் டி.என்.பி.எல்.லில் முதன்முறையாக வீரர் ஏலம் நடந்தபோது ஓர் அணிக்கான மொத்தத் தொகை 70 லட்சம். அதில் 21.6 லட்சத்தை லைகா கோவை கிங்ஸ் அவர் ஒருவருக்கே கொடுத்தது. அப்போது ஐ.பி.எல்.லில் குஜராத் அணி அவருக்குத் தந்தது 20 லட்சம். மாநிலப் போட்டியில் அதிகச் சம்பளம், உலகமே பார்க்கும் போட்டியில் குறைவு! அந்த 20 லட்ச ரூபாய் வீரர் 2023 இறுதிப் போட்டியில் சென்னைக்கு எதிராக 47 பந்துகளில் 96 ஓட்டம் அடித்தார். அதே பருவத்தில் சென்னை அணி 16.25 கோடி கொடுத்து எடுத்த பென் ஸ்டோக்ஸ் இரண்டு ஆட்டங்களே ஆடினார். முந்தைய ஆண்டு மாற்று வீரராக 20 லட்சத்துக்கு வந்த மதீஷ பத்திரன 19 விக்கெட் எடுத்துக் கோப்பைக்கு வழி செய்தார்.

கபடியில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். 2022இல் தமிழ் தலைவாஸ் அணி பவன் செராவத்தை 2.26 கோடிக்கு வாங்கியது. அதுவரை புரோ கபடியில் எவரும் பெறாத விலை. முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு அந்தப் பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. ஆனால் அதே பருவத்தில்தான் தலைவாஸ் முதல்முறையாக அரையிறுதிக்குப் போனது. அடுத்த பருவத்தில் தெலுங்கு டைட்டன்ஸ் அவரை 2.605 கோடிக்கு எடுத்தது. 5 கோடி வரம்பில் பாதிக்கு மேல் ஒருவருக்கே போய்விட்டது. ஏழு பேர் ஆடும் ஆட்டம் அது. டைட்டன்ஸ் கடைசி இடத்தில் முடித்தது.

விலை கொடுத்தால் வீண் என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடக் கூடாது. 2024 பருவத்துக்குக் கொல்கத்தா மிட்செல் ஸ்டார்க்கை 24.75 கோடிக்கு எடுத்தபோது பலர் சிரித்தார்கள். தொடக்க ஆட்டங்களில் அவர் பந்து அடி வாங்கவும் செய்தது. தகுதிச்சுற்றிலும் இறுதியிலும் அவர்தான் எதிரணியின் தொடக்கத்தை உடைத்தார். கொல்கத்தா கோப்பை வென்றது.

மஞ்சள் சட்டை ரசிகர்களின் இரண்டு தரப்பு

சென்னை சூப்பர் கிங்ஸ் 2010, 2011, 2018, 2021, 2023 ஆகிய ஆண்டுகளில் கோப்பை வென்றது. இடையே சூதாட்ட விவகாரத்தில் லோதா குழு விதித்த தடையால் 2016, 2017 பருவங்களில் ஆடவில்லை. இரண்டு ஆண்டு ஆடாத அணிக்கு ரசிகர்கள் அப்படியே காத்திருந்தார்கள். அந்த விசுவாசம்தான் அணியின் உண்மையான சொத்து.

2025இல் அணி முதன்முறையாகப் பத்தாவது இடத்தில் முடித்தது. 43 வயதில் மகேந்திர சிங் தோனி 4 கோடிக்குத் தக்கவைக்கப்பட்டிருந்தார். அவரைக் காணத்தான் கூட்டம் வருகிறது, அவர் கட்டியெழுப்பிய அணியில் விரும்பும்வரை ஆடட்டும் என்றது ஒரு தரப்பு. டிக்கெட்டும் விளம்பரமும் விற்பதற்காக வெற்றியைப் பின்னுக்குத் தள்ளுகிறார்கள் என்றது மறுதரப்பு. தக்கவைத்த விலை சிறியது என்பதால் செலவுக் கணக்கில் இதைத் தவறென்று சொல்வது கடினம். ஆனால் அணியில் ஓர் இடத்தின் மதிப்பு பணத்தில் மட்டும் இல்லை. அங்கே ஆடியிருக்கக்கூடிய ஓர் இளைஞரும் கணக்கில் வர வேண்டும். என் பார்வையில் இரண்டாம் தரப்பின் வாதமே வலுவானது. முதல் தரப்பை நன்றி கெட்டத்தனம் இல்லாமல் மறுக்க முடியாது என்பதும் உண்மை.

ரசிகரின் கையில் என்ன இருக்கிறது? 2024இல் சேப்பாக்கத்தில் ஆகக் குறைந்த டிக்கெட் 1,700 ரூபாய். சேலத்திலிருந்து நாலு பேர் குடும்பமாகப் போனால் டிக்கெட்டுக்கே 6,800. அதன் பிறகு ரயில், சாப்பாடு. ஆனால் அணியின் வருவாயில் டிக்கெட் சிறு பகுதிதான், தொலைக்காட்சிப் பணமே பெரிது. எனவே மைதானத்தைப் புறக்கணித்து உரிமையாளரை வழிக்குக் கொண்டுவருவது கடினம். மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தை 2005இல் கிளேசர் குடும்பம் கடன் வாங்கி வாங்கியபோது, எதிர்த்த ரசிகர்கள் விலகித் தங்களுக்கென ஒரு கழகத்தையே தொடங்கினார்கள். ஜெர்மனியில் கழகத்தின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும் என்பது பொதுவிதி. சென்னை அணியில் ஒரு விசித்திரம் நடந்தது. இந்தியா சிமெண்ட்ஸிலிருந்து அணியைத் தனி நிறுவனமாகப் பிரித்தபோது, அதன் பங்குகள் சிமெண்ட் நிறுவனப் பங்குதாரர்களுக்கே பகிர்ந்து தரப்பட்டன. சிமெண்டை நம்பிப் பங்கு வாங்கியவர்கள் கிரிக்கெட் அணியின் சிறு பங்காளிகள் ஆனார்கள். எல்.ஐ.சி.யும் அதில் அடக்கம். 2024 டிசம்பரில் இந்தியா சிமெண்ட்ஸ் அல்ட்ராடெக் கைக்குப் போனபோது அணி அதனுடன் போகாததற்கும் இந்தப் பிரிவினையே காரணம்.

சேலத்துக்கு வந்த அணி

ஊர்த் திருவிழாவிலும் பொங்கலிலும் நடக்கும் கபடிப் போட்டிகளில் இந்தச் சிக்கல் இல்லை. நூல் மில்லும் லாரிப் பட்டறையும் கோழிப்பண்ணையும் நன்கொடை தரும், நோட்டீஸில் பெயர் வரும், அவ்வளவுதான். ஊர் அணி வேறு ஊருக்குப் போகாது.

உரிமம் பெற்ற அணி போகும். 2016இல் டி.என்.பி.எல். தொடங்கியபோது எட்டு அணிகளில் சேலம் இல்லை. முதல் கோப்பையை வென்றது தூத்துக்குடியின் பெயர் தாங்கிய டூட்டி பேட்ரியாட்ஸ். அந்த உரிமம்தான் பின்னர் ஊரும் பெயரும் மாறி, 2021 பருவத்தில் சேலம் ஸ்பார்டன்ஸ் என்று களமிறங்கியது. இதற்கிடையே 2020 பிப்ரவரியில் வாழப்பாடியில் சேலம் கிரிக்கெட் அறக்கட்டளையின் மைதானம் திறக்கப்பட்டது. ராகுல் திராவிட் வந்திருந்தார். பின்னாளில் டி.என்.பி.எல். ஆட்டங்கள் அங்கே நடந்தன. ஐ.பி.எல். வீரர்களைச் சேலத்துப் பையன்கள் பக்கத்தில் நின்று பார்க்க முடிந்தது. தூத்துக்குடி ரசிகருக்கு அணியும் போயிற்று, அது வென்ற கோப்பையும் வேறு ஊர்க் கணக்கில் சேர்ந்தது.

சேலம் ஸ்பார்டன்ஸ் என்ற பெயரில் 2025 வரை கோப்பை கிடைக்கவில்லை. அந்த ஆண்டு வென்றது திருப்பூர் தமிழன்ஸ், முன்பு காரைக்குடி காளை என்ற பெயரில் ஆடிய அணி. அதில் பந்து வீசியவர்களில் ஒருவர் சின்னப்பம்பட்டி நடராஜன். தன் ஊரில் அவர் அமைத்த கிரிக்கெட் மைதானத்தை 2023 ஜூனில் தினேஷ் கார்த்திக் திறந்து வைத்தார். அதற்கு ஏலமும் இல்லை, உரிமமும் இல்லை.