ஈசிஜியில் ‘அப்நார்மல்’

அலுவலகத்தில் வருடாந்திர ‘மாஸ்டர் செக்கப்’ முடிந்த அன்று பலர் தூக்கத்தைக் கெடுப்பது சர்க்கரையும் கொழுப்பும் அல்ல. ஈசிஜி தாளின் தலையில் இயந்திரமே அச்சடித்துத் தரும் ‘அப்நார்மல்’ என்ற சொல்தான். டாக்டர் பார்ப்பதற்குள் சொந்தக்காரர்கள் பாதிப் பேருக்குச் செய்தி போய்விடுகிறது.

நெஞ்சில் ஆறு, கை கால்களில் நான்கு என்று பத்து மின்முனைகள். இதயத் துடிப்பின்போது தோல்வரை வந்து சேரும் மெல்லிய மின்சாரத்தை அவை பிடித்துத் தர, கருவி அதைப் பன்னிரண்டு கோணங்களில் வரைகிறது. இந்தக் கலையை நிலைநாட்டிய நெதர்லாந்து விஞ்ஞானி ஐந்தோவனுக்கு 1924இல் நோபல் பரிசு கிடைத்தது. தாள் நொடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடும். ஒரு சின்னக் கட்டம் 0.04 நொடி. முதலில் வரும் சிறு மேடு மேலறைகளுடையது, அடுத்த கூர்முனை கீழறைகளுடையது. மேடு தொடங்கியதிலிருந்து கூர்முனை தொடங்கும்வரை ஐந்து கட்டத்தைத் தாண்டினால் ‘முதல் நிலை பிளாக்’ என்று கணினி எழுதிவிடும். துடிப்பு நிமிடத்துக்கு 60க்குக் கீழே போனாலும் ஒரு குறிப்பு விழும். தினமும் ஓடுகிறவர்களுக்கு அது சர்வசாதாரணம். கணினிக்குத் தெரிந்தது எல்லைக்கோடு மட்டும். ஆளை அதற்குத் தெரியாது.

சரி, வேலைக்குப் போகும் ஆரோக்கியமானவர்களில் எத்தனை பேருக்கு இப்படி வரும்? அமெரிக்க விமானப்படையில் ஹிஸ், லாம்ப் என்ற இரு மருத்துவர்கள் எந்தத் தொந்தரவும் இல்லாத 1,22,043 பேரின் ஈசிஜிகளை அலசி 1962இல் வெளியிட்டார்கள். முதல் நிலை பிளாக் ஆயிரத்தில் ஆறேழு பேருக்கு இருந்தது. கீழறைகளுக்கு மின்சாரம் கொண்டுபோகும் பாதையின் வலது கிளையில் தடை இருந்தவர்கள் ஆயிரத்துக்கு இரண்டு பேர் போல. வயது ஏற ஏற இது கூடியது. இடது கிளைத் தடையோ மிக மிக அரிது. இத்தனைக்கும் இவர்கள் அன்றாடம் பணியில் இருந்தவர்கள்.

ஆனால் மொத்தம் எத்தனை சதவீதம் என்பது சல்லடைக் கண்ணைப் பொறுத்தது. பெரிய மாற்றம், சிறிய மாற்றம் என்று பிரித்தெழுத 1960இல் மினசோட்டா குறியீடு வந்தது. சின்னச் சின்ன விலகலையும் சேர்த்தால் எண்ணிக்கை எகிறும். பெரியவற்றை மட்டும் எடுத்தால் சுருங்கிவிடும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படுத்தால்கூட, கூர்முனைக்குப் பின் வரும் ‘டி’ அலை தட்டையாகலாம். இடது கை, வலது கை ஒயரை மாற்றி மாட்டினால் முதல் வரிசை தலைகீழாக வரும். அனுபவசாலி டெக்னீஷியன் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்து மறுபடி எடுப்பார்.

எல்லாவற்றையும் இப்படித் தள்ளிவிடவும் முடியாது. புதிதாக வந்த இடது கிளைத் தடை, தாறுமாறான மேலறைத் துடிப்பு, பழைய மாரடைப்பின் தடயம் இவற்றை விட்டுவைக்கக் கூடாது. மயக்கம், படபடப்பு, குடும்பத்தில் இளவயதுத் திடீர் மரணம் இருந்தால் சிறிய மாற்றத்துக்கும் எடை கூடும். இதற்கு நேரெதிரான ஆபத்தும் உண்டு: ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தும் ஓய்வில் எடுத்த ஈசிஜி சுத்தமாக வரலாம். தொந்தரவும் இதயநோய் அபாயமும் இல்லாதவர்களுக்கு வழக்கமாக ஈசிஜி எடுக்க வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு 2018இல் பரிந்துரைத்ததற்கு, வீண் பரிசோதனைகளில் கொண்டுபோய் விடும் என்பதும் ஒரு காரணம்.

எடுத்தாகிவிட்டதா? தாளைத் தூக்கிப் போடாதீர்கள். வெப்ப அச்சுத் தாள் நாளாக ஆக மங்கிவிடும். போனில் படம் எடுத்து வையுங்கள். அடுத்த முறை மாற்றம் புதியதா, பழையதா என்று டாக்டர் சொல்ல அது போதும். நெஞ்சுவலி வந்தால் மட்டும் எந்தப் பழைய தாளையும் தேடிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.