கடைசி வண்டியின் வேகம்

சாலையும் சக்கரமும் – 11

சனி, ஞாயிறு விடியற்காலையில் பெருங்களத்தூரைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் போனால், பெட்ரோல் பங்க் வாசல்களில் புல்லட்டுகளும் டியூக்குகளும் ஹிமாலயன்களும் கூட்டமாக நிற்பதைப் பார்க்கலாம். அவற்றில் பல திருவண்ணாமலைக்குப் போகிறவை. திண்டிவனம் வரை நாலுவழிச் சாலை, பிறகு செஞ்சிக் கோட்டையின் பாறைக் குன்றுகள், சுமார் 190 கிலோமீட்டரில் அண்ணாமலை. விடியலில் புறப்பட்டால் அன்று இரவே வீடு திரும்பலாம். குழுவோடு வண்டி ஓட்டிப் பழகாத புதியவர்கள் பலருக்கு முதல் நெடும்பயணமே இதுதான். ஆகவே அந்தக் குழுவுக்கு முன்னால் போகிற லீடரைப் பற்றி இந்த வாரம் பேசியாக வேண்டும்.

பெரிய வண்டி வைத்திருப்பவர், வழி தெரிந்தவர், வாட்ஸ்அப் குழுவை ஆரம்பித்தவர்: லீடர் ஆவது பெரும்பாலும் இவர்கள்தான். வழியைக் கைப்பேசியே சொல்லிவிடும். பின்னால் வருகிறவர்களில் யாருக்கு அனுபவம் குறைவு, யார் மனைவியைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டுகிறார், யாருடைய டயர் தேய்ந்திருக்கிறது, யார் முந்தின நாள் இரவு வேலை முடித்துத் தூங்காமல் வந்திருக்கிறார் என்பதைக் கைப்பேசி சொல்லாது. இவற்றைப் புறப்படும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்கிறவரைத்தான் நான் லீடர் என்பேன். தூங்காதவரிடம் “தம்பி, இன்னிக்கு வேணாம், அடுத்த தடவை வா” என்று சொல்லும் உறுதியும் அவருக்கு வேண்டும். அவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

வேகத்தைப் பற்றி ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். செஞ்சி ஊரை லீடர் கடந்துவிட்டார். ஒரு லாரியும் இரண்டு பேருந்துகளும் குறுக்கே வந்ததில் கடைசி வண்டி ஒரு நிமிடம் பின்தங்கிவிட்டது. ஊர் எல்லை தாண்டியதும் லீடர் 70-ல் போகிறார். அந்த ஒரு நிமிடத்தில் இடைவெளி ஒரு கிலோமீட்டருக்கு மேல். கடைசி வண்டிக்காரர் 80-ல் ஓட்டினால் அவரைப் பிடிக்க ஏழு நிமிடம் ஆகும். அதற்குள் ஒன்பது கிலோமீட்டருக்கு மேல் போயிருப்பார். செஞ்சிக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவே உள்ள கிராமங்கள், பள்ளிக்கூட வாசல்கள், வேகத்தடைகள், அறுவடைக் காலத்தில் சாலையோரம் காயும் நெல் எல்லாவற்றையும் அவர் அந்த வேகத்திலேயே கடந்தாக வேண்டும். அவர் 90-ஐத் தொட்டால் அதற்குக் காரணம் முன்னால் நிதானமாகப் போய்க்கொண்டிருக்கும் லீடர்தான். லீடரின் ஸ்பீடாமீட்டர் 70-ஐத்தான் காட்டும். ஊரைத் தாண்டியதும் 40, 50-லேயே போய், கண்ணாடியில் கடைசி ஹெட்லைட் தெரிந்த பிறகு வேகம் கூட்டினால் இந்தத் துரத்தலுக்கே இடமில்லை.

கடைசி வண்டியை ஓட்டுகிறவர் யாராக இருக்க வேண்டும்? லீடருக்கு அடுத்தபடி அனுபவசாலி அவர்தான். ஸ்வீப் என்று அவரைச் சொல்வார்கள். புதியவர்கள் லீடருக்கு நேர் பின்னால். பலர் புதியவரைக் கடைசியில் விட்டுவிடுகிறார்கள்; இதைவிட ஆபத்தான ஏற்பாடு வேறில்லை. ஒரு குழுவில் ஏழு வண்டிக்கு மேல் வேண்டாம். இருபது பேர் வந்தால் மூன்று குழு, மூன்று லீடர்.

நல்ல சாலையில் லீடர் தன் தடத்தின் வலப்பாதியில், அடுத்தவர் ஒரு விநாடி பின்னே இடப்பாதியில், மூன்றாமவர் மறுபடி வலப்பாதியில் என்று மாறி மாறிப் போக வேண்டும். தனக்கு நேர் முன்னால் இருப்பவரோடு இரண்டு விநாடி இடைவெளி. 60 வேகத்தில் அது ஏறக்குறைய 33 மீட்டர். சாலை குறுகினாலோ வளைந்தாலோ ஒற்றை வரிசை. திண்டிவனத்தில் நாலுவழிச் சாலையை விட்டுச் செஞ்சிப் பக்கம் திரும்புவது போன்ற இடங்களில் இரண்டாவது வண்டியை ஓரமாக நிறுத்திவைத்துவிட்டு லீடர் போகலாம். ஸ்வீப் வந்து சேரும்வரை அந்த வண்டிக்காரர் அங்கேயே நின்று வழிகாட்டுவார். தொலைந்துவிடுவோமோ என்ற பயம் இல்லாதவர் விரட்டி ஓட்டமாட்டார்.

முந்துவது தனிக் கதை. லீடர் ஒரு லாரியை முந்திவிட்டால், பின்னால் இருப்பவருக்கும் வழி இருக்கிறது என்று பொருளில்லை. “நான் போனேன்னு நீங்க வராதீங்க, உங்க கண்ணால பார்த்துட்டு வாங்க” என்பதைப் புறப்படும் முன் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துச் சொல்ல வேண்டும். முந்திய பிறகு லீடர் உடனே வேகத்தைக் குறைக்கவும் கூடாது. அடுத்தவர் லாரிக்கு முன்னால் வந்து நுழைய இடம் வேண்டுமே. 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வண்டிகளில் வந்தவர்கள். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்துகள் நடந்த மாநிலம் நம்முடையது: 64,105.

தேதியைக் குறிப்பதும் லீடரின் வேலை. பௌர்ணமியன்று லட்சக்கணக்கானவர்கள் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் வெறுங்காலோடு நடக்கிறார்கள். அன்றைக்கு ஊருக்குள் குழுவாக நுழைவது நடப்பவர்களுக்குச் செய்யும் தொல்லை. மற்ற நாட்களிலும் அந்தப் பாதையில் விடியலிலிருந்து நடப்பவர்கள் உண்டு. ரமணாசிரமம் இருக்கும் செங்கம் சாலையும் அதன் ஒரு பகுதிதான். அங்கே சைலன்சரை மாற்றிய ஏழு வண்டிகள் ஒன்றாக உறுமிக்கொண்டு போவதை என்னால் ஏற்க முடியவில்லை. வண்டிகளை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு இந்திரலிங்கம் தொடங்கி ஈசான்யலிங்கம் வரை எட்டையும் நடந்து பார்க்கச் சொல்லுங்கள். பயணத்தை ரத்து செய்யவும் லீடர் தயங்கக் கூடாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு திருவண்ணாமலை வ.உ.சி. நகர் வீடுகள் மேல் விழுந்து ஏழு பேர் மாண்டார்கள். அதே நாட்களில் சாத்தனூர் அணையின் வெள்ளம், அகரம் பள்ளிப்பட்டு அருகே திறந்து மூன்று மாதமே ஆன தென்பெண்ணைப் பாலத்தை அடித்துக்கொண்டு போனது. வானிலை எச்சரிக்கை வந்த பிறகும் “மழையில ஓட்டினாதான் த்ரில்” என்பவரைக் குழுவில் வைத்திருக்கக் கூடாது.

விபத்து நேர்ந்தால் யார் என்ன செய்வது என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும்: ஒருவர் 108-க்குப் பேச, ஒருவர் பின்னால் வரும் வண்டிகளை எச்சரிக்க, ஒருவர் அடிபட்டவர் பக்கத்தில். தலையில் அடிபட்டவரை அவசரப்பட்டுத் தூக்கி உட்காரவைக்கக் கூடாது. எல்லாருடைய ரத்த வகையும் வீட்டு எண்ணும் லீடரிடமும் ஸ்வீப்பிடமும் காகிதத்தில் இருக்கட்டும், கைப்பேசி உடைந்துபோகலாம். 2021 டிசம்பர் 18-ல் இதே வழியில் உள்ள மேல்மருவத்தூரில்தான் தமிழக அரசு ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தைத் தொடங்கியது. விபத்தில் சிக்கியவருக்கு, அவர் எந்த ஊர்க்காரரானாலும், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். உதவி செய்பவர்களைக் காக்க 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவும் வந்துவிட்டது. கேஸாகிவிடும் என்ற பயத்தில் இனி யாரும் ஒதுங்க வேண்டாம்.

திரும்பும் வழிதான் எனக்குக் கவலை தருவது. கோயில், நடை, மதியச் சாப்பாடு, வெயில் எல்லாம் சேர்ந்து கண்ணை இழுக்கும். செஞ்சி வழியில் பின்விளக்கு இல்லாத கரும்பு டிராக்டர்கள் இருட்டில் கண்ணுக்கே தெரியாது. ஆகவே மூன்று மணிக்குள் திருவண்ணாமலையை விட்டுக் கிளம்பி, பகல் வெளிச்சத்திலேயே திண்டிவனம் சேர்ந்து டீ குடிக்கலாம். யாராவது சோர்ந்திருந்தால் இன்னொரு டீயும் குடிக்கலாம். அங்கிருந்து தனித்தனியாகப் பிரிந்து போக அனுமதி கேட்பார்கள். நாலுவழிச் சாலைதானே என்பார்கள். பெருங்களத்தூர் வரை சேர்ந்தே வரச் சொல்லுங்கள்.

அடுத்த வாரம்: ஸ்வீப்பின் பையில் என்னென்ன இருக்க வேண்டும்?

(தொடரும்)