பைனாகுலரை அளந்து வாங்குங்கள்

எங்கள் கல்லூரி மாணவர் ஒருவர், திருவிழாக் கடையொன்றில் வாங்கிய சிறு பைனாகுலரை ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டுவந்தார். உள்ளங்கையில் அடங்கும் அதன்மீது ‘30×60’ என்று பொன்னிறத்தில் பொறித்திருந்தது. “முப்பது மடங்கு பெரிதாகக் காட்டும் என்றார்கள், சார். செண்பகத்தோப்பில் அணில் மங்கலாகத்தான் தெரிந்தது” என்று வருந்தினார். பல மாதச் சேமிப்பு அது.

திருவில்லிபுத்தூர் அருகேயுள்ள அந்த மலைக்காடு 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆயிற்று. இந்த அணில் பெரும்பாலும் உயர்ந்த மரங்களின் கிளைகளிலேயே வாழும். அண்ணாந்து, இலை நிழலுக்குள் தேட வேண்டும். நீங்களும் அங்கே செல்ல எண்ணிப் பைனாகுலர் வாங்குவதாயின், ஒரு அளவுகோலையும் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

பைனாகுலரில் முதல் எண் உருப்பெருக்கம். இரண்டாவது, பொருளருகு லென்சின் விட்டம், மில்லிமீட்டரில். மாணவரின் கருவியில் லென்சை அளந்தோம். 21 மி.மீ.தான்! பிறகு அதை வெளிச்சமான வானத்தை நோக்கித் திருப்பி (சூரியன் இருக்கும் பக்கம் வேண்டவே வேண்டாம், பைனாகுலர் வழியே சூரியனைப் பார்த்தால் கண்ணே போய்விடும்), கண்ணருகு லென்சுக்குப் பின்னால் ஒரு மெல்லிய தாளைப் பிடித்தோம். தாளை முன்பின் நகர்த்தியபோது, ஓரிடத்தில் சிறிய ஒளிவட்டம் தெளிவாக விழுந்தது. அதன் விட்டம் சுமார் 3 மி.மீ. லென்சின் விட்டத்தை இந்த வட்டத்தின் விட்டத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். 21÷3=7. முப்பது, ஏழாகிவிட்டது!

சரி, உண்மையிலேயே முப்பது மடங்கு என்றால் நல்லதா? அதே லென்சில் ஒளிவட்டம் 0.7 மி.மீ. ஆகச் சுருங்கியிருக்கும். அணிலுக்குப் பதிலாக இருட்டைத்தான் பெரிதாகப் பார்த்திருப்பார். கை நடுக்கமும் முப்பது மடங்காகும்.

அந்த ஒளிவட்டம்தான் உங்கள் கண்பாவைக்குள் நுழைகிறது. உச்சி வெயிலில் கண்பாவை 2 அல்லது 3 மி.மீ. அளவே திறந்திருக்கும். ஆகவே வெம்பக்கோட்டை அணையில் பகலில் பறவை பார்க்க 8×21 போதும். அதன் வட்டம் 2.6 மி.மீ. காட்டு நிழலிலும் அந்தியிலும் கண்பாவை விரியும். அப்போது இந்த வட்டம் போதாது. 8×30 என்றால் வட்டம் 3.75 மி.மீ.; உள்ளே வரும் ஒளியோ ஏறத்தாழ இரு மடங்கு. சற்றுக் கனம்தான். பையில் அடங்கவும் வேண்டும், நிழலிலும் தெரிய வேண்டும் என்போருக்கு 8×25ஐச் சொல்வேன். பலரும் 10×25ஐ விரும்புகிறார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை.

மாணிக்கம்போல் சிவந்து பளபளக்கும் லென்சுகளைக் கண்டு மயங்காதீர்கள். அந்தச் சிவப்பு, உங்கள் கண்ணுக்கு வராமல் திரும்பிவிட்ட ஒளி. சிவகாசி வாணவேடிக்கையில் ஸ்ட்ரான்சியம் உப்பு தரும் செக்கச்சிவந்த பொறி, அதன் வழியே வெளிறித் தெரியும்.

இன்னொன்று: ஆண்டாள் கோயில் கோபுரம்போலத் தொலைவிலுள்ள எதையாவது இரு கண்களாலும் ஒரு நிமிடம் பாருங்கள். கலசங்கள் இரட்டையாகத் தெரிந்தாலோ, கண் வலித்தாலோ, இரு குழல்களும் இணையாக இல்லை. வாங்காதீர்கள்.

மாணவர் தம் கருவியை எறிந்துவிடவில்லை. தலைகீழாகத் திருப்பி, கண்ணருகு லென்சைப் பொருளுக்கு மிக அருகே கொண்டுபோய், பெரிய லென்சின் வழியே பார்த்தால் அது நல்ல உருப்பெருக்கி! சிவகாசியில் அச்சான நாட்காட்டிப் படத்தை அப்படிப் பார்த்தார்; அத்தனை வண்ணமும் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகளாகப் பிரிந்து நின்றன.