கரடான சுவரும் காற்றின் அமுக்கமும்

நிலத்தின் ஆழத்தே தொழில் புரிவோர்க்குச் சுரங்கத்தின் காற்றுவழியே உயிர்நாடியாம். அவ்வழியே செல்லும் காற்று, சுவரோடு உராய்ந்து தன் அமுக்கத்தைச் சிறிது சிறிதாக இழக்கின்றது. இவ்விழப்பை முன்னரே மதித்தறியாது விசிறி அமைப்போமாயின், கடைக்கோடியில் நிற்போர்க்குப் போதிய காற்றுச் சென்று சேராது. நச்சு வாயுக்களும் அகலாது தங்கும்.

இக்கணக்கைச் சுரங்கத்தொழிலுக்கு முறைப்படுத்தித் தந்தவர் ஜான் ஜாப் அட்கின்சன் என்னும் ஆங்கிலேயர். 1854ஆம் ஆண்டில் அவர் எழுதிய கட்டுரையின்படி, இழப்பானது காற்றுத் தொட்டுச் செல்லும் சுவர்ப்பரப்பிற்கும் வேகத்தின் வர்க்கத்திற்கும் நேர்விகிதத்திலும், வழியின் குறுக்குப் பரப்பிற்கு எதிர்விகிதத்திலும் அமையும். இதன் விளைவை நோக்குவோம். ஒரே வழியில் இருமடங்கு காற்றைச் செலுத்த நான்மடங்கு அமுக்கம் வேண்டும். அதற்குச் செலவாகும் சக்தியோ எண்மடங்கு. பெரிய விசிறியொன்றை வாங்கினாற் போதுமென்பார் இடறுவது இங்கேதான்.

இனி, சுவரின் கரடு இக்கணக்கில் எவ்வாறு புகும்? ஜெர்மனியின் கெட்டிங்கென் நகரில் ஆராய்ந்த நிக்குராட்சே என்பார், சலித்தெடுத்த மணலைக் குழாய்களின் உட்புறத்தே வார்னிஷ் கொண்டு ஒட்டி, அவற்றில் நீரைப் பாய்ச்சிச் சோதித்து, 1933இல் முடிவுகளை வெளியிட்டார். வேகம் ஓரளவைக் கடந்தபின் உராய்வெண் வேகத்தைச் சாராது. மணலின் பருமனுக்கும் குழாயின் விட்டத்திற்குமுள்ள விகிதத்தையே சாரும். ஆதலின் அகன்ற சுரங்கவழியில் பொருட்படுத்தத் தகாத சிறுமேடு, ஒடுங்கிய குழாயிற் பெருந்தடையாகின்றது. மணல் ஒட்டிய எளிய வேலையினின்று இத்துணைத் தெளிவு பிறந்தமை நமக்கு வியப்பே.

சுரங்கத்தை விடுத்து, கட்டடமொன்றின் காற்றுக்குழாயைக் கொள்வோம். விட்டம் 50 சென்டிமீட்டர். நீளம் 30 மீட்டர், அதாவது விட்டத்தின் 60 மடங்கு. காற்றின் வேகம் வினாடிக்கு 8 மீட்டர். இவ்வேகத்திற்குரிய அமுக்கம் ஏறத்தாழ 3.9 மில்லிமீட்டர் உயர நீரின் அமுக்கமாம். இரும்புத் தகட்டுக் குழாயாயின் உராய்வெண் ஏறக்குறைய 0.017. மூன்றையும் பெருக்க, இழப்பு 4 மில்லிமீட்டர். 3 மில்லிமீட்டர் மேடுகளுடைய கரடான காரைச் சுவராயின் உராய்வெண் 0.0325, இழப்பு 7.6 மில்லிமீட்டர். குழாயின் அளவும் காற்றின் அளவும் மாறாதிருக்க, சுவரொன்றே இழப்பை ஏறத்தாழ இருமடங்காக்கிற்று.

வளைவுகளும் கிளைகளும் விளைக்கும் இழப்பைத் தனியே கூட்டல் வேண்டும். சுவரைச் செப்பனிட இயலாவிடின் விட்டத்தைச் சிறிது பெருக்குதல் தகும். அதே அளவு காற்றுக்கு விட்டத்தை 55 சென்டிமீட்டராக்கின், கரடு அவ்வாறே இருப்பினும், இழப்பு முன்னிருந்ததன் ஐந்தில் மூன்று பங்கேயாகும்.